கணவாய்க்கு அப்பால் ஒரு கடற்கோட்டை

குற்றாலத்துச் சாரல் எங்கிருந்து வருகிறது என்று தென்காசிப் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், மேற்கே ஆரியங்காவுக் கணவாயைக் கைகாட்டுவார்கள். அரபிக்கடலில் கிளம்பும் தென்மேற்குப் பருவக்காற்று கொல்லம் கரையில் ஏறி, மலையில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் தூவிவிடுகிறது. அந்தக் காற்று வந்த வழியிலேயே எதிர்த்திசையில் ரயில் ஏறினால் சுமார் 100 கிலோமீட்டரில் கடல் வந்துவிடும். அந்தக் கடலோரத்தில்தான் இருக்கிறது தங்கசேரி. ஒரு காலத்தில் மதில் சூழ்ந்த நகரம். இன்று கொல்லம் மாநகரின் ஒரு பகுதி.

பயணத்தின் பாதி இன்பம் இந்த ரயில் பாதைதான். 1904-ல் மீட்டர் கேஜ் பாதையாகத் திறக்கப்பட்டது. அகலப்பாதைப் பணிக்காகச் செங்கோட்டை - புனலூர் மலைப்பகுதியில் 2010-ல் ரயில் நின்றது. 2018-ல்தான் மறுபடி முழுமையாக ஓடத் தொடங்கியது. பகவதிபுரத்தைத் தாண்டியதும் சுரங்கத்தின் இருட்டு. அதைக் கடந்தால் பச்சை வேறு, மண் வேறு, பெயர்ப்பலகையின் எழுத்தும் வேறு. கழுதுருட்டிக்கு அருகே பதின்மூன்று கண் பாலத்தில் வண்டி ஊர்ந்து போகையில், சன்னலோரத்தில் இருப்பவர்கள் தாமாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கொல்லம் தென்காசிக்காரர்களுக்கு அந்நிய ஊர் அல்ல. திருநெல்வேலிச் சீமையின் பழைய கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் காணப்படும் ‘கொல்லம் ஆண்டு’ அந்த ஊரின் பெயரைத் தாங்கியதுதான். அது கி.பி. 825-ல் தொடங்குகிறது. 849-ஐச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், கொல்லத்தில் ஒரு கிறித்தவப் பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் அளித்த உரிமைகளைச் சொல்கின்றன. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களின் பெயர்களும் அதில் வருகின்றன. சீனரும் அரபியரும் மிளகுக்காகத் தேடி வந்த துறைமுகம் அது.

அந்த மிளகைத் தேடித்தான் போர்ச்சுகீசியரும் வந்தார்கள். 1519-ல் தங்கசேரிக் கடல்முனையில் புனித தோமா கோட்டையை எழுப்பினார்கள். 1661-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1795-ல் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஒரே மதிலுக்கு மூன்று ஐரோப்பிய எசமானர்கள்.

இன்று அந்த மதிலில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். வெட்டுக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய சுவரின் ஒரு துண்டு, வீடுகளுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கிறது. பூச்சு உதிர்ந்த இடங்களில் கல்லின் செம்பழுப்பு தெரிகிறது. இடுக்குகளில் செடிகள் வேர் விட்டிருக்கின்றன. உப்புக்காற்று பட்டுப் பட்டுக் கல்லின் முகம் தேன்கூடுபோல் அரித்துக் கிடக்கிறது. பெரிய கோட்டையை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் சுவரின் கனத்தைப் பார்த்தால், கடலிலிருந்து வரும் பீரங்கிக் குண்டுக்கு அஞ்சிக் கட்டியது என்பது புரிந்துவிடும்.

அருகிலேயே 1902-ல் கட்டிய கலங்கரை விளக்கம், சிவப்பும் வெள்ளையும் சாய்வுப் பட்டைகளாக, 41 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பார்வையாளர் நேரத்தில் படியேறி மேலே போகலாம். அங்கிருந்து பார்த்தால்தான் இந்த ஊரின் அமைப்பு பிடிபடும்: கடலுக்குள் மூக்கை நீட்டும் நிலம், அலைதடுப்புச் சுவர், அதற்குள் ஒதுங்கிய மீன்பிடிப் படகுகள், தென்னைகளுக்கிடையே தேவாலயம்.

தமிழர்கள் இங்கே வந்து நிற்க இன்னொரு பெரிய காரணம் உண்டு. 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் அச்சானது ‘தம்பிரான் வணக்கம்’. இந்திய மொழி ஒன்றின் எழுத்திலேயே இந்தியாவில் அச்சேறிய முதல் புத்தகம் அது. அந்த எழுத்து தமிழ். பதினாறே பக்கங்கள். அதை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார் என்ற போர்ச்சுகீசியத் துறவி, முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே வாழ்ந்து தமிழ் கற்றவர். அச்செழுத்துகளில் ஒரு தொகுதி கோவாவில் வார்க்கப்பட்டது. இன்னொன்று கொல்லத்திலேயே வார்க்கப்பட்டது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து, ஈயத்தில் உருவெடுத்துத் தாளில் பதிந்தது இந்தக் கடற்கரையில்தான்.

எல்லைக்கோட்டின் கதையும் சுவையானது. செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூரின் கொல்லம் பகுதியைச் சேர்ந்திருந்தது. தங்கசேரியோ, 99 ஏக்கர் அளவுள்ள சின்னஞ்சிறு பிரிட்டிஷ் நிலமாக, ஆங்கில ஆட்சியின் பிற்பகுதியில் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்த்து ஆளப்பட்டது. மலைக்குக் கிழக்கே இருந்த ஊர் கொல்லத்துக்கு. கொல்லத்தில் இருந்த ஊர் திருநெல்வேலிக்கு! விடுதலைக்குப் பின் தங்கசேரி திருவிதாங்கூர்-கொச்சியோடு இணைந்தது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தமிழகத்துக்கு வந்தது.

தங்கசேரியின் மதில் முழுதாக இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று காண விரும்புகிறவர்கள் இலங்கையின் காலி நகருக்குப் போகலாம். அங்கும் முதலில் போர்ச்சுகீசியர், பிறகு டச்சுக்காரர், அதன்பின் ஆங்கிலேயர். அங்கே மதில் முழுச்சுற்றாக நிற்கிறது. உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். 1988-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004 சுனாமியின்போது அந்த மதிலே உள்நகரைக் காத்தது. பேணினால் பழஞ்சுவர் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போக விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஜூன், ஜூலையில் கொல்லத்துக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கேரளத்தில் விசைப்படகுகளுக்கு 52 நாள் தடையும் அப்போதுதான். மலைப்பாதையின் பசுமையும் ஆர்ப்பரிக்கும் கடலும் வேண்டுமானால் அப்போது போகலாம். நிதானமாக ஊர் சுற்ற டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது. கொல்லம் ரயில் நிலையத்திலிருந்து தங்கசேரிக்கு ஆட்டோவில் சுமார் 5 கிலோமீட்டர். காலையில் தென்காசியில் கிளம்பினால் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

தென்காசி மாவட்டத்துப் பள்ளிகள் ஆண்டுதோறும் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகின்றன. அந்தப் பட்டியலில் தங்கசேரியையும் சேர்க்க வேண்டும். தாங்கள் படிக்கும் பாடப்புத்தகத்தின் மூத்த புத்தகம் அச்சான ஊரை, ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி நேரில் பார்த்துவிட்டு வரட்டும்.