உயர்த்திய வண்டியும் சுழல் தண்டும்

பேசாலையிலிருந்து தலைமன்னார் செல்லும் பெரும்பாதையை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கினால் மணல்தான். அங்கே ஓட்டுவதற்கென ஜீப்பின் வில்தகடுகளை மாற்றி வண்டியை உயர்த்துவோர் உண்டு. உயர்த்தியபின், இயந்திரத்தின் வலுவை அச்சுக்குக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் சாஃப்ட் என்னும் சுழல் தண்டையும் மாற்ற வேண்டுமா என்னும் வினா எழுகின்றது. செலவோ சிறிதன்று.

தண்டின் இரு முனைகளிலும் சிலுவை மூட்டுகள் உள. மூட்டு 30 பாகை சாய்ந்து சுழன்றால், ஒருபுறம் சீராகச் சுற்றினும், மறுபுறம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 13 விழுக்காடு தளர்ந்தும் 15 விழுக்காடு விரைந்தும் ஓடும். ஒழுங்காகப் பொருத்திய இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாயின், ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுசெய்யும். சமம் குலைந்தாற்றான் அதிர்வு. தடித்த தண்டு வாங்குவதால் கோணம் திருந்தாது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே முதலில் சக்கரங்கள் தொங்குமாறு வண்டியைத் தூக்கி, தண்டைக் கையாற் சுழற்றிப் பார்த்தல் வேண்டும். மூட்டு இறுகாமலும், தண்டின் நீளும் பகுதி கழன்றுவிடும் அளவுக்கு வெளியே வராமலும், ஓட்டத்தில் அதிர்வில்லாமலும் இருந்தாற் பழைய தண்டே போதும். அதிர்வு இருப்பின், அச்சுக்கும் வில்லுக்கும் இடையே ஆப்பு வைத்துக் கோணத்தைத் திருத்தலாம். அதுவும் பயன்படாதபோதே இரட்டை மூட்டுத் தண்டு. மணலிற் புதைந்த வண்டிக்கோ, டயர்க் காற்றைக் குறைப்பதே முதல் உதவி. உப்புக்காற்றில் ஓடும் மூட்டுக்குக் கிறீஸ் இடுவதையும் மறத்தலாகாது.