சீமைப் பாப்பா மறுபடியும் கைவீசினாள்!



ஒரு பழைய பொம்மையின் புகைப்படத்தை வைத்து, கை, கால், தலை எல்லாம் அசைகிற அட்டைப் பொம்மை செய்வது எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். 'லீவு நாளில் பிள்ளைகளுக்கு ஒரு கைவேலை' என்று பத்து வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது கைவேலையோடு நிற்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காரைக்காலை ஒட்டிய கிளிஞ்சல்மேடு, கடலோர மீனவர் கிராமம். வருடாவருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். பள்ளிக்கூடத்துக்கும் அப்போதுதான் பெரிய லீவு வரும். வருமானம் இல்லாத நேரத்தில் பிள்ளைகள் "பொம்மை வாங்கிக் குடும்மா" என்று கேட்டால் சங்கடமாகத்தானே இருக்கும்? ஆனியில் மாங்கனித் திருவிழா வரும்போது கடைத்தெருவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோம்.

போன தடைக்காலத்தில் என் மாமியாரின் தங்கை வீட்டில் ஒட்டடை அடிக்கும்போது ஒரு பழைய கறுப்பு-வெள்ளைப் படம் கிடைத்தது. ஸ்டூடியோவில் எடுத்தது. ஆறேழு வயதுச் சிறுமியாக என் மாமியார் நிற்கிறார். கையில் ஒரு வெள்ளைக்காரப் பொம்மை. அவருடைய சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். லீவில் வந்தபோது வாங்கி வந்தாராம். காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ல் முடிந்தது. ஆனாலும் அந்தப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர்கள் அதற்குப் பிறகும் வருவதும் போவதுமாகத்தான் இருந்தார்கள். பொம்மைக்கு வீட்டில் வைத்த பெயர் 'சீமைப் பாப்பா'.

என் மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாயி, இந்தப் பொம்மை இப்ப எங்க?" என்று கேட்டாள்.

"கடல்ல போச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மகள் விடவில்லை. "அம்மா, இந்தப் படத்துலேருந்து ஒரு பொம்மை செஞ்சு தாயேன்" என்று பின்னாலேயே சுற்றினாள். அப்படி ஆரம்பித்ததுதான் இது.

முதலில் படம்

பழைய படத்தை வெட்டிவிடாதீர்கள்! செல்போனில் படம் எடுத்து, பொம்மை இருக்கிற பகுதியை மட்டும் பெரிதாக்கி, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக்கொள்ளலாம். தலை முதல் கால் வரை ஒரு சாண் உயரம் வந்தால் விளையாட வசதி.

பொம்மையே வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. தலையாட்டிப் பொம்மை, மரப்பாச்சி, பரண்மேல் இருக்கும் கொலுப் பொம்மை, யார் வீட்டு ஷோகேஸிலோ இருக்கும் வெளிநாட்டுப் பொம்மை என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். அடுத்தவர் பொம்மை என்றால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் வெளிச்சத்தில், பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, பொம்மையை நேராக நிறுத்துங்கள். செல்போனைப் பொம்மையின் இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்திப் பிடியுங்கள். மேலிருந்து எடுத்தால் தலை பெருத்துக் கால் சூம்பிப்போகும். மிகவும் கிட்டே போனாலும் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரியும். நாலடி தள்ளி நின்று எடுத்துப் பிறகு பெரிதாக்கிக்கொள்வதே நல்லது.

இரண்டு பிரதி ஏன்?

இதுதான் முக்கியமான சூட்சுமம். ஒரே பிரதியை வைத்துக்கொண்டு தோளில் கையை நறுக்கினால், திரும்பச் சேர்க்க இடம் இருக்காது. மூட்டு அசைய வேண்டும் என்றால் ஒரு துண்டின்மேல் இன்னொரு துண்டு அரை அங்குலமாவது ஏறி உட்கார வேண்டும். அதனால் எப்போதும் ஒரே அளவில் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உடம்பு. மற்றதில் தலையும் கையும் காலும்.

கையை வெட்டும்போது தோள் பக்கம் வட்டமாக, ஒரு ரூபாய் நாணயத்தைப் பாதி வைத்தது போல, கூடுதலாக விட்டு வெட்டுங்கள். உடம்பிலும் அதே இடம் வட்டமாகவே இருக்கட்டும். இரண்டு வட்டத்தின் நடுப்புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்றாக வரும் இடத்தில்தான் ஓட்டை போட வேண்டும். ஓட்டை ஓரமாகப் போய்விட்டால் கையைத் தூக்கும்போது தோளில் கூர்மையாக ஒரு மூலை துருத்திக்கொண்டு நிற்கும். முதல் பொம்மைக்குத் தலை, உடம்பு, இரண்டு கை, இரண்டு கால் என்று ஆறு துண்டு போதும். கை பழகிய பிறகு முழங்கை, முழங்கால் என்று பிரித்தால் பத்துத் துண்டு வரும்.

எங்கள் படத்தில் ஒரு தொல்லை. பொம்மையின் இடது கை என் மாமியாரின் விரல்களுக்குள் மறைந்திருந்தது. வலது கை முழுதாகத் தெரிந்தது. செல்போனில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடும் வசதி இருக்கிறதல்லவா? அப்படித் திருப்பி இன்னொரு பிரதி எடுத்தோம். இடது கை தயார்!

அட்டையும் மூட்டும்

பிரிண்டை வெட்டும் முன்பு அட்டையில் ஒட்டிவிடுங்கள். ஜவுளிக்கடைப் புடவைப் பெட்டி, கல்யாணப் பத்திரிகை அட்டை, எதுவும் ஆகும். ஃபெவிகாலில் சொட்டுத் தண்ணீர் விட்டு மெல்லிசாகத் தடவி ஒட்டி, மேலே தாளைப் போட்டு அம்மிக்கல்லையோ கனமான புத்தகங்களையோ ஏற்றி ஒரு ராத்திரி வையுங்கள். இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும். எங்களைப் போல் உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இருப்பவர்கள், வெட்டிய பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் அகலமான செலோ டேப் ஒட்டிவிட்டால் அட்டை நமுத்துப் போகாது.

மூட்டுக்குப் பட்டணத்தில் பித்தளை ஊசி கிடைக்கும். எங்கள் வீட்டில்தான் வலை நரம்புக்குப் பஞ்சமே இல்லையே! நைலான் நரம்பை, தங்கூசி என்போமே அதை, ஒரு அங்குலம் நறுக்கி, ஒரு முனையை மெழுகுவர்த்திச் சுடரின் ஓரத்தில் காட்டினால் உருகிக் குண்டு மணி போல் திரளும். ஓட்டையில் நுழைத்து, மறுபக்கம் ஒரு நூல் இடம் விட்டு நறுக்கி, அந்த முனையையும் அதேபோல் திரட்டிவிட்டால் மூட்டு முடிந்தது. அட்டையில் சுடர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையை எந்த நிலையில் வைத்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். அதுதான் சரியான இறுக்கம். இந்த வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். உருகிய நைலான் விரலில் பட்டால் ஒட்டிக்கொண்டு பொசுக்கிவிடும். நெருப்பு வேண்டாம் என்பவர்கள் கெட்டி நூலில் இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டாலே போதும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மணி, பொத்தான் வைத்துக் கட்டாதீர்கள். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

என்ன நிறம்?

அட்டை வெட்டியாயிற்று, மூட்டும் மாட்டியாயிற்று. ஆனால் படம் கறுப்பு-வெள்ளை. கலர் பென்சிலை வைத்துக்கொண்டு என் மகள் அப்பாயியிடம் போய் உட்கார்ந்தாள். "கவுன் என்ன கலரு?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு மெதுவாக, "பச்சை. எங்கம்மாவோட ரவிக்கைத் துணி. ஓரத்துல மஞ்சள் நாடா வெச்சுத் தைச்சாங்க" என்றார். கண் நீலமாம். முடி தனியாக இல்லை, தலையிலேயே அச்சு வார்த்துப் பழுப்பு வண்ணம் பூசியிருந்ததாம். கையும் காலும் உள்ளே ரப்பர் கயிறு கட்டி இழுத்து மாட்டியது, திருப்பினால் 'கிறீச்' என்று சத்தம் வருமாம். முதுகில் கழுகுத் தலை மாதிரி ஒரு முத்திரை இருந்ததாம்.

கழுகுத் தலை என்பது பெத்திகொலான் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் முத்திரை. 1860-ல் தொடங்கிய கம்பெனி. அவர்கள் செய்த செல்லுலாய்டு பொம்மைகளைத் தேடித்தேடி வாங்கிச் சேர்க்கிறவர்கள் இன்றைக்கு இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று இருந்தால் அடுப்பு, விளக்குப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். செல்லுலாய்டு குப்பென்று பற்றிக்கொள்ளும். அதனால்தான் பொம்மைக்கு அதை உபயோகிப்பதையே பிற்காலத்தில் விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கு என் மாமியார் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும்போது தகரப் பெட்டியில் புடவைக்கு அடியில் சீமைப் பாப்பாவை வைத்துக் கொண்டுவந்தாராம். என் கணவரும் அதை வைத்து விளையாடியிருக்கிறார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது பெட்டியோடு போய்விட்டது.

"இத்தனை வருஷமா ஏன் அத்தே ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"பெத்த புள்ளையப் பறிகுடுத்துட்டு அடுத்தடுத்த வீட்டுல கெடந்து அழுவுறாங்க. அவங்க முன்னாடி, எம் பொம்மை போச்சுன்னு எந்த வாயால சொல்லுவேன்?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீடு கட்டிக் கொடுத்தார்கள், படகும் வலையும் வந்தன. ஆனால் சின்னச் சின்ன சாமான்கள், கல்யாணப் போட்டோ, பிள்ளையின் முதல் கொலுசு, இப்படி ஒரு பொம்மை, இவற்றை எந்தக் கணக்கில் யார் எழுதினார்கள்? சொல்லி அழவும் கூச்சம். அப்படியே மனசுக்குள் வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

பேத்தி பச்சைக் கவுனுக்கு மஞ்சள் ஓரம் தீட்டி, பொம்மையின் கையைத் தூக்கிக் காட்டினாள். என் மாமியார் வாங்கி, அந்தக் கையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். "சத்தம் மட்டும் வரல" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர்.

பழைய கலைதான்

அசையும் அட்டைப் பொம்மை இன்று நேற்று வந்ததல்ல. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739-ல். அதற்குச் சில வருடம் கழித்து, 1740-களில், பாரிஸ் நகரத்தில் 'பான்தேன்' என்ற அட்டைப் பொம்மைப் பைத்தியம் பிடித்து ஆட்டியிருக்கிறது. அச்சடித்த படத்தை வெட்டி, நூலால் மூட்டுக் கட்டி, கயிற்றை இழுத்தால் கையும் காலும் உதறும். பிள்ளைகள் இல்லை, சீமான்களும் சீமாட்டிகளுமே கையில் வைத்துக்கொண்டு ஆட்டினார்களாம்!

நம் ஊர் மட்டும் சளைத்ததா? தோற்பாவைக் கூத்தில் ஆட்டுத் தோலில் கை, கால்களைத் தனித்தனியாக வெட்டி மூட்டுக் கட்டித்தான் ஆட்டுகிறார்கள். பக்கத்துத் தஞ்சாவூர் ஆட்டக்காரிப் பொம்மையில் பாவாடை, உடம்பு, தலை எல்லாம் தனித்தனியாகக் கம்பிமேல் உட்கார்ந்திருப்பதால்தான் தொட்டால் ஆடுகிறது. தஞ்சாவூர்ப் பொம்மைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தப் பொம்மையைப் படமெடுத்துச் செய்வதென்றால் எங்கே வெட்டுவது என்று யோசிக்கவே வேண்டாம், அதன் மூட்டிலேயே வெட்டலாம். டில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965-ல் ஆரம்பித்த பொம்மை மியூசியத்தில் பல நாட்டுப் பொம்மைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாம் கண்ணாடிக்குள்தான். பார்க்கலாம், தொட முடியாது. அட்டைப் பொம்மையிடம் அந்தத் தொல்லை இல்லை. கிழிந்தால் இன்னொரு பிரிண்ட்!

பான்தேன் மாதிரி உதற வைக்க, கையை நூல் முடிச்சு மூட்டில் கொஞ்சம் தளர்வாக மாட்டுங்கள். மூட்டைத் தாண்டி உடம்புக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் இன்னொரு சிறு ஓட்டை போட்டு, கைகள் தொங்கும் நிலையில் இரண்டு ஓட்டைக்கும் குறுக்கே ஒரு நூல் கட்டுங்கள். கால்களுக்கும் அப்படியே. இரண்டு குறுக்கு நூலின் நடுவிலும் முடிந்து ஒரு நீள நூலைக் கீழே தொங்கவிட்டு இழுத்தால், கையும் காலும் ஒன்றாக மேலே எழும்பும். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம்தான்!

எங்கள் தெருவில் விஷயம் பரவி, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படம் வந்தது. ஒரு பெண் காலண்டரில் வந்த மரப்பாச்சியைக் கொண்டுவந்தாள். இன்னொருத்தி கிளிஞ்சல் ஒட்டிச் செய்த பொம்மையைப் படமெடுத்து வந்தாள். வெளிநாட்டுப் பொம்மைக்குக் கொசுவம் வைத்த புடவை கட்டி, தலையில் மீன்கூடை வைத்தார்கள். உடுப்பைத் தனித்தாளில் வரைந்து, தோளிலும் இடுப்பிலும் மடக்குவதற்குக் காது விட்டு வெட்டினால் மாற்றி மாற்றிப் போடலாம். செலவு? இரண்டு கலர் பிரிண்ட் காசும் கொஞ்சம் பசையும்தான்.

தோழிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பாட்டி காலத்துப் பொம்மை எது இருந்தாலும், உடைந்திருந்தாலும் பரவாயில்லை, முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு என நாலு படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒரு உறவுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். எங்களுக்குக் கிடைத்த படம் பிழைத்தது, அது கடலோரத்தில் இல்லாமல் தங்கை வீட்டில் இருந்ததால்தான். படம் எடுக்கும்போதே பெரியவர்களிடம் நிறம், துணி, யார் கொடுத்தது, என்ன பெயர் என்று கேட்டு, படத்தின் பின்னால் எழுதிவிடுங்கள். அதைச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

- கிளிஞ்சல்மேடு வாசகி,
காரைக்கால்.