அக்கா குரலுக்குப் பக்கத்தில் முக்தா

ஆடி மாதம் சடையங்குப்பம், மணலி பக்கம் போனால் இரண்டு சத்தங்களிலிருந்து தப்ப முடியாது. ஒன்று துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் டிரெய்லர் லாரிகளின் இரைச்சல். மற்றது அம்மன் கோயில் ஒலிபெருக்கி. கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்.ஆர். ஈஸ்வரி ஓய்ந்தால் சூலமங்கலம் சகோதரிகள் வருவார்கள். அவர்கள் முடித்தால் பம்பாய் சகோதரிகள். மூத்தவர் குரல் எது, இளையவர் குரல் எது என்று கூழுக்கு வரிசையில் நிற்கும் யாரும் யோசிப்பதில்லை. ‘சகோதரிகள்’ என்று ஒரே பெயர். அதற்குள் இரண்டு பெண்கள் ஒரு வாழ்நாள் முழுக்க என்ன பேசி முடிவு செய்துகொண்டார்கள், யார் யாருக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் கேசட் அட்டையில் அச்சாவதில்லை.

அப்படி ஒரு ஜோடியின் கதை இது. அதைச் சொல்ல மணலியிலிருந்தே தொடங்கலாம். சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் வருவதற்கு வெகு காலம் முன்பு இங்கே சங்கீதம் குடியிருந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் அழைத்து வந்து ஆதரித்த ராமசாமி தீட்சிதர் குடும்பத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) வளர்ந்தார். கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியம் கேட்டு அவர் நோட்டுஸ்வரம் எழுதியதும், தம்பி பாலுசாமி வயலின் கற்றதும் அந்தக் காலத்துக் கதைகள். தீட்சிதர் கீர்த்தனைகள் சீடர் தம்பியப்பா வழியாகச் சாத்தனூர் பஞ்சநதய்யருக்குப் போயின. அவரிடமிருந்து ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெருவில் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வீணை தனம்மாள் (1867–1938) வீடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டில் தனம்மாள் வீணையை எடுத்தால் பெரிய பெரிய வித்வான்கள் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் ஆண்ட வீடு அது. தஞ்சாவூர் அரசவையில் பாடியும் ஆடியும் வந்த பரம்பரை, தாய்வழிக் குடும்பம். வயதில் மூத்த பெண் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. தனம்மாளின் மகள்களில் ஒருவர் ஜயம்மாள். அவர் பெற்றவர்தான் நாட்டிய மேதை பாலசரஸ்வதி. இன்னொரு மகள் காமாட்சி அம்மாளுக்குப் பிருந்தா, முக்தா, அபிராமசுந்தரி என்று மூன்று பெண்கள். கடைக்குட்டி அபிராமசுந்தரி வயலினை எடுத்துக்கொண்டார். பிருந்தா 1912இல் பிறந்தவர், முக்தா 1914இல். இரண்டே வயது வித்தியாசம். அந்த இரண்டு வயதை முக்தா கடைசிவரை மதித்தார்.

சிறுமிகள் இருவரையும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் கற்க அனுப்பினார்கள். தாளக் கணக்கில் புலி என்று பேர் வாங்கியவர் அவர். அவரிடம் தியாகராஜ கிருதிகளையும் திருப்புகழையும் பாடம் செய்துகொண்டு, வீட்டுப் பெரியவர்களிடம் பதங்களையும் ஜாவளிகளையும் கற்றார்கள். பிருந்தா வீணையும் கைவரப் பெற்றார். ஒரே வீடு, ஒரே குரு, ஒரே பாடம். ஆனால் ஊர் கொண்டாடியது பிருந்தாவை.

பிருந்தாவின் ஈர்ப்பு சினிமாப் புகழின் ஈர்ப்பு அல்ல. சபாவைக் கைதட்டலால் அதிரவைக்கும் பாட்டும் அல்ல அவருடையது. ரசிகருக்காக வேகம் கூட்டமாட்டார், கமகத்தில் ஒரு இழை குறைக்கமாட்டார். கற்பிப்பதிலும் அப்படித்தான், சலுகையே இல்லை. ஆனாலும் எம்.எஸ். சுப்புலட்சுமி அவரிடம் பதம் கற்றார். செம்மங்குடி கற்றார். ராம்நாட் கிருஷ்ணன் வந்தார், பிற்பாடு அருணா சாய்ராம் வந்தார். தாங்களே மேடையை ஆண்டவர்கள் கேட்டுப் பெறும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவர் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த தங்கைக்கு என்ன தோன்றியிருக்கும்? பொறாமை வந்திருக்கலாம், வரக் காரணம் இருந்தது. முக்தாவும் முழுப் பாடகி. தனியே மேடை போட்டிருந்தால் தாங்கக்கூடிய வித்தை அவரிடம் இருந்தது. அவர் அக்காவோடு சேர்ந்தே பாடினார். பல பத்தாண்டுகள்.

சேர்ந்து பாடுவது எவ்வளவு பெரிய வேலை என்பது அவர்கள் பாடிய க்ஷேத்ரக்ஞர் பதம் ஒன்றைக் கேட்டால்தான் புரியும். சஹானா ராகத்தில் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். காலப்பிரமாணம் அவ்வளவு மெதுவு. ஒரு சொல் முடிய ஒரு மூச்சு போதாது. வேகமான கீர்த்தனையில் இரண்டு குரல் சற்று முன்பின் விழுந்தாலும் மிருதங்கம் மூடிவிடும். இங்கே ஒளிய இடமே இல்லை. ஒரு கமகம் அரை அசைவு முந்தினாலும் பல்லை இளிக்கும். முந்துவதில்லை. அக்கா ஒரு சுரத்தைத் தொட்டு, அசைத்து, அடுத்ததற்கு இறங்கும் பாதை முழுவதிலும் தங்கையின் குரல் கூடவே இறங்குகிறது. அக்கா மூச்செடுக்கும் இடம் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது, அங்கே முக்தா இருக்கிறார். சீடர் பின்பாட்டுப் பாடும்போது குரு எங்கே போகிறார் என்று பார்த்துப் போவார். இங்கே பார்த்துப் போகும் அவகாசமே கிடையாது. அக்கா போகும் முன்பே தங்கைக்குத் தெரிந்திருக்கிறது. பயிற்சியால் மட்டும் இது வருமா? எனக்கு நம்பிக்கை இல்லை. பிரியம் இல்லாமல் ஒருவரை இத்தனை கூர்ந்து கேட்க முடியாது.

பதங்களில் நாயகி தன் மனதையெல்லாம் தோழியிடம்தான் கொட்டுவாள். தோழி பெரும்பாலும் பேசமாட்டாள். அவள் இல்லையென்றால் பாட்டே இல்லை. முக்தாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோழிதான் நினைவுக்கு வருகிறாள்.

‘பாவம், அக்காவின் நிழலிலேயே காலம் போய்விட்டது’ என்று இரக்கப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த இரக்கம் பிடிப்பதில்லை. 1996இல் பிருந்தா மறைந்த பிறகும் முக்தா பதினோரு ஆண்டுகள் இருந்தார். குடும்பத்தின் பதங்களையும் ஜாவளிகளையும் தேடி வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நிழல் பாடம் சொல்லாது. அக்காவுக்கு இணையாக அத்தனையும் அவருக்குள்ளும் இருந்தது; அக்கா இருக்கும்வரை அதைத் தனியாகக் காட்டவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பணிவை அவர் வைத்துக்கொண்டது சரி. அதையே சாக்காக வைத்துச் சங்கீத உலகம் அவரைக் கணக்கில் எடுக்காமல் விட்டது சரியில்லை. மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் தனம்மாள் வீட்டுக்கு மூன்று முறை போனது: 1973இல் பாலசரஸ்வதிக்கு, 1976இல் பிருந்தாவுக்கு, 1988இல் பாலசரஸ்வதியின் தம்பி விஸ்வநாதனுக்கு. ‘பிருந்தா–முக்தா’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய ஊர், பட்டம் கொடுக்கும்போது அந்த மூச்சைப் பாதியில் நிறுத்திக்கொண்டது.

பம்பாய் சகோதரிகளுக்கு அந்த நிலை வரவில்லை. மூத்தவர் சரோஜா, இளையவர் லலிதா இருவருக்கும் சேர்த்தே 2010இல் சங்கீத கலாநிதி வழங்கினார்கள். 2020இல் பத்மஸ்ரீயும் இருவருக்கும்தான். லலிதா 2023 ஜனவரியில் காலமானார். கூடப் பாடும் குரலும் பாட்டுதான் என்று ஒப்புக்கொள்ள அகாடமிக்கு இவ்வளவு காலம் பிடித்ததா என்று கேட்டால் பதில் சொல்ல முக்தா இல்லை. அவர் 2007லேயே போய்விட்டார்.