அடுப்படிக் கணக்கு – 9: கட்டிக்கொண்டு போகும் காலைப் பலகாரம்

போன வாரம் மாவு எப்படிப் புளிக்கிறது என்று பார்த்தோம். அதே புளிப்பு, காலையில் அவசரமாகக் கிளம்புகிறவர்களுக்கு எப்படிக் கைகொடுக்கிறது என்பது இந்த வாரக் கணக்கு.

தாம்பரத்தில் விடிகாலை மின்சார ரயிலைப் பிடிக்கிறவர்களும், முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் ஒரு டீயோடு கிளம்பிவிடுகிறார்கள். பதினோரு மணிக்குப் பசி காதை அடைக்கும்போது கைக்கு எட்டுவது பப்ஸும் பஜ்ஜியும்தான். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆறு மணிக்கு அடுப்பின் முன் நிற்க அவர்களுக்கு நேரமில்லை, அவ்வளவுதான். முதல் நாள் ராத்திரியே பாதி வேலையை முடித்துவைப்பது ஒன்றே வழி.

இதற்கென்றே நம்மிடம் இருப்பது மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. ரயிலேறும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கட்டிக்கொண்டு போவதற்குக் காரணம் ருசி மட்டுமல்ல. மாவு புளிக்கும்போது லியூகோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் இருக்கும் இடத்தில் கெட்ட கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. வெறும் சோற்றுக்கு இந்தக் காவல் கிடையாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்த பிறகும் சாகாமல் இருக்கும். வெளியில் கிடந்தால் சில மணி நேரத்தில் பெருகிவிடும். ராத்திரிச் சோற்றைக் காலையில் கிளறிக் கட்டுவதானால், ஆறியதும் அது ஃபிரிட்ஜுக்குப் போயிருக்க வேண்டும்.

ராத்திரி வேகவைத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்த இட்லியைக் காலையில் ஐந்து நிமிடம் ஆவியில் காட்டினால் பழைய மெதுமை வந்துவிடும். பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். சுடச்சுட டப்பாவில் போட்டு மூடுவார்கள். ஆவி மூடியில் முட்டி, தண்ணீராகச் சொட்டி, இட்லி நசநசத்துப் போகும். சீக்கிரம் கெடவும் செய்யும். ஈரத்துணியில் கவிழ்த்து நன்றாக ஆறவிடுங்கள். பொடியை நல்லெண்ணெயில் சற்றுத் தளர்வாகக் குழைத்து, இரண்டு பக்கமும் ஓரங்களிலும் விரலால் தடவுங்கள். எண்ணெய் உள்ளே இறங்கப் பத்து நிமிடம் விட்டு, அனலில் வாட்டிய வாழையிலையில் அடுக்கிக் கட்டுங்கள். தட்டும் வேண்டாம், கிண்ணமும் வேண்டாம்; நின்றுகொண்டே சாப்பிடலாம்.

பொடிக்கு உளுந்து ஒரு கப், கடலைப்பருப்பு அரை கப், எள் கால் கப், மிளகாய் பன்னிரண்டு, பெருங்காயம், உப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுப்பது முக்கியம். எள் படபடவென்று பொரிந்ததும் உடனே இறக்கிவிட வேண்டும். நிழலில் காயவைத்த முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி சேர்ந்தால் இன்னும் நல்லது. மாவாக்காமல் கொரகொரப்பாக அரையுங்கள்.

ஆனால் இட்லி மட்டும் போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓர் இட்லியில் இருக்கும் புரதம் ஏறக்குறைய 2 கிராம்தான். ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் தேவை. நான்கு இட்லியோடு நிறுத்திக்கொண்டால் காலைப் பங்கில் ஏறக்குறையப் பாதிதான் ஆகிறது. ராத்திரி ஊறவைத்த பச்சைப்பயறை, உலர்ந்த அளவில் 30 கிராம், சுண்டலாகக் கொண்டுபோனால் இன்னும் 7 கிராம் சேர்கிறது. தேங்காய் போடாமல் தாளியுங்கள்.

இட்லி அலுத்தவர்களுக்குக் குதிரைவாலிப் பிடிகொழுக்கட்டை. ரவை ஒரு கப், ஊறிய பாசிப்பருப்பு கால் கப், தாளித்துக் கொதிக்கவைத்த தண்ணீர் இரண்டரை கப். கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிடித்து, ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் ஆவியில் வெந்துவிடும்.

தேங்காய்ச் சட்னியைக் கட்ட வேண்டாம். ஈரமும் இனிப்பும் கொழுப்பும் சேர்ந்த அது, சித்திரை வெயிலில் பத்து மணிக்கே வாடை அடித்துவிடும். மேலே தாளித்துக் கொட்டினால் கெடாது என்பது தவறான நம்பிக்கை. தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டுமென்றால், புளி விட்டு எண்ணெய் பிரியச் சுருள வதக்கிய தக்காளித் தொக்கு எடுத்துப் போங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி பயறு ஊறவைப்பதும், பொடி வறுப்பதும், டப்பாவைக் கழுவி எடுத்துவைப்பதும் வீட்டில் ஒரு பெண்ணின் தலையில் மட்டும் விழ வேண்டாம். டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிற ஒவ்வொருவரும் அதில் ஒரு வேலையை இன்றிரவே எடுத்துக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: புட்டியில் கொண்டுபோகக் கேழ்வரகுக் கூழ்)