கண்மாய்க் கரையில் தும்பியை அறிதல்

கோடையில் நம் கண்மாய்களின் நீர் நாளுக்கு நாள் குறைந்து, ஆழமான இடங்களில் மட்டும் எஞ்சி நிற்கிறது. அந்த எஞ்சிய நீரைச் சுற்றித்தான் தும்பிகள் திரள்கின்றன. தட்டான், தட்டாரப்பூச்சி என்று நாம் வழங்குவனவும் இவையே. பருவமழைக்கு முந்திய இந்த மாதங்களில், தேனி மீறுசமுத்திரம் கண்மாயிலோ, கம்பம் வீரப்பநாயக்கன்குளம், ஒட்டுக்குளம் ஆகியவற்றின் கரையிலோ அரைமணி நேரம் நின்றால் பலவகைத் தும்பிகளைக் காணக்கூடும். இவற்றை இனம் பிரித்தறிவதால் பயிரிடுவோர்க்கும் நெசவாளர்க்கும் யாது பயன் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

தும்பி தன் வாழ்நாளின் முற்பகுதியை நீருக்குள் கழிக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம் உயிர்க்குச் சிறகில்லை. மடக்கி வைத்த கை போன்ற கீழுதட்டை முன்னே நீட்டி, கொசுப்புழு முதலியவற்றைப் பிடித்து உண்ணும். பலமுறை தோலுரித்து வளர்ந்தபின், நாணல் அல்லது நெற்றாளின்மேல் ஏறி, கடைசித் தோலையும் கழற்றிவிட்டுச் சிறகுடன் பறந்து செல்லும். அந்த வெற்றுத்தோல் தாளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சிறகு பெற்றபின் கொசு, தத்துப்பூச்சி, சிறு அந்து ஆகியவை அதற்கு இரையாகின்றன. மாலையில் குழித்தறியில் கால் வைத்து அமரும் நெசவாளர்க்குக் கொசுவின் தொல்லையைச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. ஆயினும், வீட்டுத் தொட்டியிலும் உடைந்த பானையிலும் பிறக்கும் கொசுவைத் தும்பி ஒழித்துவிடும் என்று எண்ணலாகாது. அந்நீரைக் கவிழ்த்துக் கொட்டுவது நம் பொறுப்பேயாகும்.

தும்பியினத்தில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. உட்காரும்போது சிறகுகளை இருபுறமும் விரித்து வைப்பது தும்பி. அதன் கண்கள் பெரியவை. பெரும்பாலானவற்றில் தலையுச்சியில் ஒன்றையொன்று தொடும். உடல் ஊசிபோல் மெலிந்து, கண்கள் இரண்டும் விலகி நிற்க, பெரும்பாலும் சிறகுகளை முதுகின்மேல் சேர்த்து வைப்பது ஊசித்தும்பி. வெயில் ஏறி உடல் சூடேறிய பின்னரே இவை சுறுசுறுப்பாகப் பறக்கும். ஆகையால் காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை பார்ப்பதே உத்தமம். உச்சிவேளையில் சில தும்பிகள் வாலைச் சூரியனை நோக்கி நிமிர்த்தி நிற்கும். உடலில் வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் உபாயம் அது.

தமிழகத்தின் வயல்களிலும் குளங்களிலும் பரவலாகக் காணும் சிலவற்றை அடையாளத்தால் குறிப்பிடுகிறோம். உடல் முழுதும் மிளகாய்ப்பழம்போல் சிவந்திருப்பது ஒரு வகையின் ஆண். அதன் பெண் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடையது. வெளிர்பச்சை உடலில் கறுப்புப் பட்டைகளும், நடுவில் மெலிந்த வயிறும் கொண்டது மற்றொன்று. அது பிற தும்பிகளையும் பிடித்துண்ணும். மஞ்சளும் கறுப்புமான சிறகுடன் வண்ணத்துப்பூச்சிபோல் மெல்லப் பறப்பதும் தும்பியே. நெல்வயலில் அடிச்சிறகு கறுத்து, அதையடுத்து வெள்ளைப்பட்டை உடையதாய்க் காணும் சிறு தும்பியைப் பலர் பார்த்திருப்பர். வரப்புப் புல்லில் திரியும் மஞ்சள் ஊசித்தும்பியின் விஞ்ஞானப் பெயரில் சோழமண்டலக் கரையின் பெயர் இடம்பெற்றுள்ளது. அப்பெயர் 1798-ஆம் ஆண்டில் இடப்பட்டது.

செம்பழுப்பு உடலும், ஆரஞ்சு நிறம் படர்ந்த சிறகும் உடைய சிறு தும்பியைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். கழிவுநீர் கலந்த குட்டையிலும் அது வாழ வல்லது. நல்ல நீரிலும் அது இருக்குமாதலால், அதைக் கண்டவுடனே நீர் கெட்டதெனக் கூறிவிட முடியாது. ஆனால் முன்னர்ப் பலவகை பறந்த கண்மாயில் மற்றவை மறைந்து, அது ஒன்றே எஞ்சுமாயின், சாக்கடையோ சாயநீரோ கலக்கிறதா என்று விசாரிப்பது அவசியம்.

மழைக்காற்றுடன் கூட்டமாக வரும் மஞ்சள் நிறத் தும்பியின் வரலாறு வியப்புக்குரியது. நம் நாட்டிலிருந்து மாலத்தீவு வழியாக, கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை அது செல்கிறதென்று ஆராய்ச்சியாளர் 2009-இல் எடுத்துக்காட்டினர். இராணுவ மருத்துவராயிருந்த பிரேசர் என்னும் ஆங்கிலேயர், இந்தியத் தும்பிகளைப் பற்றிய மூன்று தொகுதிகளை 1933 முதல் 1936 வரை வெளியிட்டார். இன்றும் ஆராய்ச்சியாளர்க்கு அவை ஆதார நூல்களாக விளங்குகின்றன.

பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது முதல், அதன் நீரே நம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்கு உயிர்நாடியாக உள்ளது. முதல் போகத்துக்கு நீர் விட்டு நாற்று நட்டவுடன் ஊசித்தும்பிகள் வயலுக்குள் புகுந்து, தத்துப்பூச்சிகளையும் இலைச்சுருட்டுப் புழுவின் அந்துக்களையும் வேட்டையாடுகின்றன. புகையானை அஞ்சி முன்னதாகவே மருந்து தெளித்தால், சிலந்தியும் தும்பியும் மடிய, புகையான் மட்டும் மீண்டும் பெருகும். இந்தோனேசியாவில் இவ்வாறே நேர்ந்தது. அந்நாட்டரசு 1986-இல் நெல்லுக்குத் தெளித்துவந்த 57 வகை மருந்துகளைத் தடை செய்ய வேண்டியதாயிற்று.

ஆதலின், மருந்துக்குக் கைநீட்டும் முன், வரப்பில் நின்று தூரடியில் உள்ள பூச்சியையும், மேலே பறக்கும் தும்பியையும் ஒருங்கே எண்ணிப் பார்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். சேதம் மிகாதவரை பொறுத்திருப்பதே சிக்கனம். மருந்து தெளித்த கருவியைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ கழுவலாகாது. கரையோர நாணலையும் கோரையையும் அடியோடு வெட்டாமல் ஒரு பகுதியையேனும் விட்டுவைத்தால், தும்பி சிறகு பெற இடமிருக்கும். தட்டானின் வாலில் நூல் கட்டி விளையாடும் சிறுவர்க்கு அதன் வகைகளை எண்ணிக் குறித்துவைக்கக் கற்றுக்கொடுப்போம். ஆண்டுதோறும் ஒரே கண்மாயில் எடுக்கும் அக்கணக்கு, நம் நீரின் நிலையைச் செலவின்றி நமக்கு அறிவிக்கும்.