ஒரே சாலை, இரண்டு வரி: நம் கொம்யூன் எல்லைகள் வந்த வழி



வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே செல்லும் சரக்கு வண்டி, கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. சிறிது தூரத்தில் திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என்று மறுபடியும் புதுச்சேரி வந்துவிடுகிறது. அதையும் தாண்டினால் மீண்டும் தமிழ்நாடு. பாகூர் பக்கமோ முள்ளோடையைக் கடந்ததும் கடலூர் மாவட்டம். எல்லை எங்கே என்று வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த எல்லை ஏன் இப்படி வளைந்து நெளிந்து கிடக்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் விழிக்கிறோம். நம் பில் புத்தகத்தில் எந்த வரி எழுதுவது என்பதை முடிவு செய்வதே இந்த எல்லைதான். ஆகவே அதன் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

வணிகத்தில் பழைய மண்

நமது பகுதிக்கு வியாபாரம் புதிதல்ல. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்வாய்வு செய்தார். ரோமானிய மதுச் சாடிகளும் மட்பாண்டங்களும் மணிகளும் அங்கே கிடைத்தன. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்த கொடுக்கல் வாங்கல் இங்கே நடந்திருக்கிறது.

பாகூரின் பெருமை வேறு வகை. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் எழுதி வைக்கப்பட்டது. பாகூர்ச் செப்பேடு இதைச் சொல்கிறது. வசூலாகும் வரி படிப்புக்குப் போனது.

துண்டு துண்டாக வந்த ஊர்கள்

1674இல் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் பண்டகசாலையை நிறுவியபோது, வில்லியனூரும் பாகூரும் அவர்கள் கையில் இல்லை. கவர்னர் டூப்ளே காலத்தில், கர்நாடக நவாபு பதவிக்கு நடந்த போட்டியில் பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிப்பை ஆதரித்தார்கள். அந்த உதவிக்குக் கைமாறாக 1749, 1750 ஆண்டுகளை ஒட்டி இப்பகுதி ஊர்கள் அவர்களுக்குக் கிடைத்தன. இந்நிகழ்ச்சிகளைக் கண்ணால் கண்டு 1736 முதல் நாட்குறிப்பு எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை நம்மைப் போல ஒரு வணிகர் என்பது நமக்குப் பெருமை.

கிடைத்த ஊர்கள் நிம்மதியாக இருக்கவில்லை. 1752 செப்டம்பரில் பாகூரிலேயே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். பிரெஞ்சுப் படை தோற்றது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயரிடம் வீழ்ந்து இடிக்கப்பட்டது. பிறகு திருப்பிக் கொடுப்பதும் மறுபடி பிடிப்பதுமாகக் காலம் போயிற்று. 1783இல் வெர்சாயில் கையெழுத்தான உடன்படிக்கையில் வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. புதுச்சேரியைச் சார்ந்த பகுதிகளாக இவற்றைப் பெற்றுத் தர இங்கிலாந்து ஒப்புக்கொண்டது. கடைசியாக 1816இல் பிரெஞ்சுக்காரர் வசம் இவை நிலையாக வந்தன.

ஊர் கணக்கில் கொடுத்து வாங்கியதால், நடுநடுவே ஆங்கிலேயர் ஊர்கள் தங்கிவிட்டன. கண்டமங்கலம் அப்படி நடுவில் நிற்பதை இன்றும் பார்க்கிறோம்.

உப்பும் சுங்கமும்

எல்லை வந்தால் அதன் பின்னாலேயே சுங்கமும் வரும். 1815இல் பிரெஞ்சு, ஆங்கில அரசுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி உள்ளூர்த் தேவைக்குப் போக மீதி உப்பை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குப் போனது. ஈடாக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளில் இங்கே உப்பளமும் நிறுத்தப்பட்டது. கடற்கரையிலேயே இருந்துகொண்டு உப்பை வெளியிலிருந்து வாங்கி விற்கும் நிலை நம் முன்னோருக்கு வந்தது.

1879இல் விழுப்புரம் - புதுச்சேரி ரயில் பாதை வில்லியனூர் வழியாக ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு, 1880இல், பிரெஞ்சு அரசின் ஆணைப்படி கொம்யூன்கள் ஏற்பட்டன. முதலில் அமைந்த பத்தில் வில்லியனூரும் பாகூரும் அடங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேயர், ஒரு சபை. இன்று நாம் கடை லைசென்சுக்குப் போய் நிற்கும் கொம்யூன் பஞ்சாயத்து 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது என்றாலும், ‘கொம்யூன்’ என்ற சொல் அந்த நாளிலிருந்து வருவதுதான்.

1941இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் சுங்க ஒன்றியம் ஏற்பட்டதால் சரக்குப் போக்குவரத்து எளிதானது. சுதந்திர இந்தியா 1949இல் அதை முடித்துக்கொண்டதும், பக்கத்து ஊருக்கு மூட்டை கொண்டு போவதும் வெளிநாட்டு வியாபாரம் போல ஆயிற்று. ஒருபுறம் கடத்தல், மறுபுறம் சோதனை. இரண்டிலும் சிக்கியவர் சிறு வணிகரே.

கீழூரில் ஒரு நாள்

இந்தச் சங்கடம் நமது வில்லியனூர் கொம்யூனில்தான் தீர்ந்தது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி, கீழூரில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணையச் சம்மதித்தார்கள், 8 பேர் மறுத்தார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956இல் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பு முழுமை பெற்றது. 1963 ஜூலை 1 முதல் சட்டசபையுடன் கூடிய யூனியன் பிரதேசம் ஆனோம். சுங்க எல்லை போயிற்று, நிர்வாக எல்லை மட்டும் அப்படியே நின்றது.

விற்பனை வரியில் ஒரு வழக்கு

சட்டசபை வந்தால் வரியும் வரத்தானே செய்யும்? 1965இல் நமது சட்டசபை, சென்னை மாநில விற்பனை வரிச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. அதுவும் எப்படி? அமலுக்கு வரும் நாளில் அச்சட்டம் எப்படி இருக்கிறதோ அப்படியே செல்லும் என்று எழுதியது. இடையில் சென்னையில் அதைத் திருத்திவிட்டார்கள். வணிகர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பின்னால் என்ன மாறும் என்றே தெரியாமல் வேறொரு சபையின் சட்டத்தை ஏற்பது, தன் அதிகாரத்தைக் கைவிடுவதாகும் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்து அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படும் வழக்கு இது. வரி நோட்டீசு வந்தால் பயப்படாமல் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இன்று நாம் கவனிக்க வேண்டியவை

2007இல் மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. ‘ஒரே நாடு, ஒரே வரி’ என்றாலும் எல்லைக்கோடு அழியவில்லை. மூன்று விஷயங்களை மனத்தில் கொள்வோம்.

ஒன்று, சரக்கு விற்பவர் பதிவு செய்ய வேண்டிய விற்றுமுதல் வரம்பு 2019இல் ரூ.40 லட்சமாக உயர்த்தப்பட்டபோது புதுச்சேரி அதில் சேரவில்லை. இங்கே ரூ.20 லட்சம் என்பதே நின்றது. கண்டமங்கலத்துக் கடைக்காரரைப் பார்த்து நாமும் பதிவு வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது.

இரண்டு, இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர் வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. பக்கத்து ஊர்தானே என்று எல்லை தாண்டி மூட்டை அனுப்பினால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை ஆகிவிடும். பதிவு இல்லாதவருக்கும் இது பொருந்தும். சரக்கை இப்படி அனுப்ப, விற்றுமுதல் குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும்.

மூன்று, 2023 அக்டோபர் 1 முதல், பதிவு பெறாத வாடிக்கையாளருக்குப் போடும் பில்லில் எழுதும் முகவரியே விற்பனை எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதை முடிவு செய்கிறது. மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே கொள்ளப்படும். முகவரி எழுதாவிட்டால் நமது கடை இருக்கும் இடமே கணக்கு. பில் போடும் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

டூப்ளே காலத்தில் ஊர் ஊராக எழுதிக் கொடுத்த கணக்கு, சுமார் 275 ஆண்டுகள் கழிந்தும் நம் கல்லாப்பெட்டி வரை வந்து நிற்கிறது. எல்லையை நம்மால் மாற்ற முடியாது. அதை அறிந்து தொழில் செய்தால் அபராதம் கட்டாமல் இருக்கலாம்.