வீட்டிலேயே ஒண்ணாம் கிளாஸ்!
எட்டு பீரியடு வேண்டாம். ஒன்றரை மணி நேரம் போதும்

சென்னையில் காலை எட்டு மணி ஆனால் தெருவெல்லாம் ஸ்கூல் ஆட்டோதான். அந்த நேரத்தில் ஒரு சில வீடுகளில் மட்டும் ஆறு வயசு வாண்டு நிதானமாகப் பல் தேய்த்துக் கொண்டிருக்கும். அதற்குப் பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டில்தான் படிப்பு. அம்மாதான் டீச்சர்!

பீஸ் கட்டி மாளாமல் சிலர், காலையில் பிள்ளை அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் சிலர் இந்த முடிவுக்கு வருகிறார்கள். முடிவு எடுப்பது ஒரு ராத்திரி வேலை. "சரி, நாளைக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்கும்போதுதான் தலைவலி ஆரம்பம்.

சுவரில் டைம்டேபிள்

பெரம்பூரிலோ பல்லாவரத்திலோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு பாரிமுனையில் வேலை. வரும்போது ஒரு சார்ட் பேப்பர் வாங்கி வருவார். கோடு போட்டு, கலர் பென்சிலால் எட்டு பீரியடு எழுதி சுவரில் ஒட்டுவார். 9 மணிக்குத் தமிழ், 9-45க்குக் கணக்கு...

முதல் வாரம் ஜோராக நடக்கும். இரண்டாவது வாரம் குழந்தை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அம்மாவுக்கு அடுப்பில் குழம்பு தீயும். மூன்றாவது வாரம் அந்தப் பேப்பர் அலமாரித் தட்டுக்கு விரிப்பு!

குழந்தை மேல் தப்பு இல்லை. பள்ளியில் ஒரு டீச்சர் முப்பது, நாற்பது பிள்ளைகளை மேய்க்க வேண்டும். அட்டெண்டன்ஸ், வரிசை, நோட்டுத் திருத்தல் என்று நேரம் கரையும். வீட்டில் இருப்பது ஒரே பிள்ளை. காலையில் முக்கால் மணி, மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு முக்கால் மணி. ஒண்ணாம் கிளாசுக்கு அது தாராளம். ஒரு பாடத்துக்கு இருபது நிமிஷம் தாண்டினால் வாண்டுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

காசில்லாத புத்தகம்

"ஹோம் ஸ்கூல் பேக்கேஜ்" என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. அரசின் ஒன்றாம் வகுப்புப் புத்தகங்களை இன்டர்நெட்டில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல் என்று நாலே பாடம். மூன்று பருவமாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். ஒரு பருவத்துக்கு மட்டும் திட்டம் போட்டால் போதும். வருஷம் முழுக்கப் போட்ட திட்டத்தை ஒரு காய்ச்சல், ஒரு கல்யாணம் கவிழ்த்துவிடும்.

தமிழில் 247 எழுத்து. அத்தனையையும் மனப்பாடம் செய்த பிறகுதான் வாசிப்பு என்றால் குழந்தைக்கு வெறுத்துப் போகும். எழுதுவதற்குச் சுலபமான ட, ப, ம மூன்றையும், கூடவே புள்ளியையும் காட்டினால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் வந்துவிடும். "நானே படிச்சேன்!" என்று குதிக்கும். அந்தக் குதிப்பை வைத்துத்தான் அடுத்த எழுத்து.

அப்புறம் எலெக்ட்ரிக் டிரெயின். பீச்சிலிருந்து தாம்பரம் வரை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மஞ்சள் போர்டு. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம்... மூன்றிலும் "பாக்கம்" ஒட்டிக்கொண்டிருப்பதை ஒரு தடவை காட்டிவிட்டால், அடுத்த தடவை குழந்தையே கண்டுபிடித்துக் கத்தும். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டுமே!

கணக்குக்குப் புளியங்கொட்டை. பத்துப் பத்தாகக் கட்டி வைத்து எண்ணினால் பத்து, ஒன்று என்ற இடமதிப்பு கைக்கே புரியும். மளிகைக் கடையில் சில்லறை வாங்கி எண்ணிச் சொல்வதும் பாடம்தான். கடைக்காரர்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெருப் பிள்ளைகள் நாலரை மணிக்குத் திரும்பி வருவார்கள். அதற்குள் பாடம் முடிந்திருக்க வேண்டும். விளையாட்டுத் துணையை எந்தப் புத்தகமும் தராது. வீட்டுப் படிப்பில் பெரிய ஓட்டை அதுதான்.

போலீஸ் பிடிக்குமா?

சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுப் படிப்புக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான அனுமதியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில்தான் இந்தக் குடும்பங்கள் நிற்கின்றன.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். எட்டு வயசானால் மூணாம் கிளாஸ் என்பதுபோல. சேர்க்கும்போது பரீட்சை வைத்து வடிகட்டக் கூடாது.

இங்கேதான் நோட்டு உதவும். 80 பக்க நோட்டு ஒன்று போதும். வெள்ளிக்கிழமை தோறும் தேதி போட்டு, அந்த வாரம் என்ன படித்தது என்று நாலு வரி. எழுதிய தாள்களையும் நூல் கோத்து வைக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழோடு இந்தக் கட்டும் கையில் இருந்தால், "இவ்வளவு நாள் சும்மாவா இருந்தது?" என்ற கேள்விக்கு வாயடைப்பு.

கடைசி வரை வீட்டிலேயே என்றால் வழி உண்டு. தேசிய திறந்தநிலைப் பள்ளி மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்கு இணையான படிப்பு வைத்திருக்கிறது. அங்கே பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிரம்ப வேண்டும்.

ஆறாம் வகுப்புக் கணக்கு

சம்பளக்காரக் குடும்பங்கள் பலவற்றுக்கும் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. 2020-ல் வந்த 7.5 சதவீத மருத்துவ இடஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். அதற்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு வரை கணக்குத்தான். 2024-ல் அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி மாணவிகளையும் அதில் சேர்த்தார்கள்.

ஒண்ணாம் கிளாசை வீட்டில் முடித்தால் இந்தச் சலுகை எதுவும் கைவிட்டுப் போகாது. ஏழாம் கிளாசில்தான் பள்ளிக்குப் போனால் சிக்கல். ஆகவே இன்றைக்குத் திட்டம் போடும் பெற்றோர், பிள்ளைக்குப் பதினோரு வயசாகும் ஜூன் மாதத்தையும் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து அரசுப் பள்ளி ஹெட்மாஸ்டரை அதற்கு முந்தின ஏப்ரலிலேயே ஒரு நடை போய்ப் பார்த்துவிடலாம். நோட்டுக் கட்டையும் எடுத்துக்கொண்டு.